ஜனவரி மாதத்துக் கொப்பிகள்



மலையகச் சிறுகதைகளைப் பற்றிப் பேசுங்கள் என்றுதான் என்னை அழைத்தார்கள். குறிப்பெடுக்க உட்கார்ந்த வேளையில் பாடசாலை முதலாந் தவணை தொடங்கிவிட்டது. எனவே அந்தக் கதைகளுக்குள் அதிகம் வராத ஒரு மாதத்தைப் பற்றிப் பேசலாமென்று வந்திருக்கிறேன். ஜனவரி மாதம்.

துரையும் கங்காணியும் நம் கதைகளில் நிறையவே வந்து போயிருக்கிறார்கள். ஸி.வி. வேலுப்பிள்ளை அவர்கள் தோட்டத்து மக்களின் பாடல்களைத் தொகுத்துத் தந்தார். லயத்துக் காம்பராவின் இடநெருக்கடியைத் தெளிவத்தை ஜோசப் அவர்கள் ‘மீன்கள்’ என்ற சிறுகதையில் வைத்துக் காட்டினார். ஆனால் பிள்ளைகள் நிறைந்த ஒரு வீட்டில் டிசம்பர் கடைசியில் ஒரு தாய் மனதுக்குள் போடுகிற கணக்கை எழுதியவர்கள், நான் வாசித்த அளவில், குறைவு. அந்தக் கணக்கு எனக்குத் தெரியும். பொகவந்தலாவைப் பக்கத்துத் தோட்டமொன்றில் ஏழு பிள்ளைகளில் ஐந்தாவதாகப் பிறந்தவன் நான்.

தேயிலை மலையை அறியாத நேயர்களுக்கு ஒன்றைச் சொல்ல வேண்டும். எங்கள் பக்கத்தில் ஜனவரி என்பது பனியும் வரட்சியும் சேர்ந்த மாதம். விடியற்காலையில் பனி கொழுந்தைக் கருக்கும். பகலில் காற்று காயவைக்கும். கொழுந்து குறைந்தால் வேலை நாளும் குறையும். பறிக்க வேண்டிய அளவு பறிக்காதவளுக்கு அரைப்பேர்தான் விழும். தீபாவளிக்கு வாங்கிய முற்பணத்தை மாதாமாதம் பிடித்துக்கொண்டிருப்பார்கள். இடையில் தைப்பொங்கல் வேறு. சம்பளம் பத்தாந் தேதிக்குத்தான் வரும். பாடசாலை அதற்கு முன்னாலேயே திறந்துவிடும். வருடத்தில் கை மிகவும் வற்றியிருக்கும் மாதத்தில்தான் ஆறு பிள்ளைகளுக்குக் கொப்பி வாங்க வேண்டும்.

இந்த இடைவெளியை அம்மா ஊசி நூலால் அடைத்தார். டிசம்பர் விடுமுறையில் எங்கள் பழைய கொப்பிகளையெல்லாம் பரப்பி வைத்து, எழுதாத தாள்களை மட்டும் பக்குவமாகக் கழற்றுவார். ஒற்றைக்கோடு ஒரு பக்கம், சதுரக்கோடு ஒரு பக்கம் என்று அடுக்கி, சாக்குத் தைக்கிற ஊசியால் நடுவில் தைத்துவிடுவார். பத்தாந் தேதி வரைக்கும் அதுதான் கொப்பி. கணக்குப் பாடத்துச் சதுரக் கட்டங்களுக்குள்தான் நான் முதன்முதலில் தமிழ்க் கட்டுரை எழுதினேன். என் கையெழுத்து இன்றைக்கும் கட்டங்கட்டமாக இருப்பதற்கு அதுவே காரணமென்று என் மனைவி சொல்வார்.

சீருடைக்கு வேறு கணக்கு. 1990களின் தொடக்கத்தில் அரசாங்கம் இலவசச் சீருடைத் துணி கொடுக்கத் தொடங்கியபோது எங்கள் லயமே நிம்மதிப் பெருமூச்சு விட்டது. ஆனால் தையற்கூலி இலவசமில்லை. அடுத்த லயத்தில் கைமிசின் வைத்திருந்த பெரியம்மா, தவணை முறையில் தைத்துக் கொடுப்பார். எல்லாம் இரண்டு அளவு பெரிதாக. தங்கச்சியின் வெள்ளைக் கவுனின் கீழ்மடிப்பை வருடத்துக்கு ஒன்றாகப் பிரித்து விடுவார்கள். பழைய மடிப்பு இருந்த இடம் மட்டும் நீலம் ஏறிக் கோடாகத் தெரியும். எத்தனை கோடோ அத்தனை வருடம்.

இந்த இடத்தில் ஒரு சிறு விலகல். எங்கள் பொகவந்தலாவைத் தேவாலய மயானத்தில் ஜூலியா மார்கரட் கமரோன் என்ற உலகப் புகழ்பெற்ற புகைப்படக் கலைஞர் அடக்கம் செய்யப்பட்டிருக்கிறார். 1879 இல் காலமானார். அவரும் பெரிய குடும்பம் வளர்த்தவர். தாம் பெற்ற பிள்ளைகளோடு உறவினரின் அநாதைப் பிள்ளைகளையும் சேர்த்து ஆளாக்கியவர். அந்தக் கல்லறையைப் பார்க்க இன்றும் வெளிநாட்டவர்கள் வருகிறார்கள். ஏழு பேரை வளர்த்த என் அம்மாவுக்கு, அடையாள அட்டைக்காக எடுத்த ஒரு படத்தைத் தவிர வேறு படமில்லை.

சரித்திரத்தை அதிகம் இழுக்க நான் விரும்பவில்லை. 1907 ஆம் ஆண்டுச் சட்டம் தோட்டத்துப் பிள்ளைகளுக்குப் பத்து வயது வரைக்கும் ஏதோ படிப்புக் கொடுத்தால் போதுமென்றது. 1945 இல் நாட்டுக்கு வந்த இலவசக் கல்வி தோட்டப் பாடசாலைகளைத் தொடவில்லை. 1977 முதல் கட்டம் கட்டமாக அரசாங்கம் அவற்றைப் பொறுப்பேற்ற பிறகுதான் நிலைமை அசையத் தொடங்கியது. அசைந்தபோது எங்கள் வீட்டில் மூத்த அக்காவுக்கு வயது ஏழு தாண்டியிருந்தது.

அக்கா தோட்டப் பாடசாலையில் ஐந்தாம் வகுப்பு முடித்தார். ஆறாம் வகுப்புக்கு டவுனுக்கு நடக்க வேண்டும். சப்பாத்து வேண்டும், இன்னும் நாலைந்து கொப்பி வேண்டும். 1981 ஜனவரி. அம்மா மறுபடியும் மலைக்குப் போகத் தொடங்கிய நேரம். வீட்டில் தொட்டிலில் ஒன்று, தவழ்வது ஒன்று. ‘இந்த வருசம் நில்லு, அடுத்த வருசம் பார்க்கலாம்’ என்று அப்பா சொன்னாராம். யாரும் அக்காவைப் பாடசாலைக்குப் போகாதே என்று சொல்லவில்லை. அந்த அடுத்த வருடம் வரவேயில்லை, அவ்வளவுதான். சில வருடங்களில் செக்ரோலில் பேர் பதிந்து அவரும் கூடை எடுத்தார். அவர் சம்பளத்தில்தான் நான் புதுக் கொப்பியின் மணத்தை அறிந்தேன்.

இப்படிப்பட்ட வீட்டிலிருந்து வந்த நான், பட்டமும் பயிற்சியும் பெற்று ஆசிரியனான பிறகு ஒரு பிழை செய்தேன். சில வருடங்களுக்கு முன் எட்டாம் வகுப்பு மாணவன் ஒருவன் தவணை தொடங்கியதிலிருந்து ஒருநாள் விட்டு ஒருநாள் வந்தான். இடாப்பைக் காட்டி வகுப்புக்கு முன்னால் நிறுத்திக் கேட்டேன், கடுமையாகவே கேட்டேன். ‘நேத்து அண்ணன் சப்பாத்தப் போட்டுட்டுப் போயிட்டாரு, சேர்’ என்றான். வகுப்பு சிரித்தது. இடைவேளையில் ஒன்பதாம் வகுப்பு இடாப்பை வாங்கி இரண்டையும் பக்கத்தில் வைத்துப் பார்த்தேன். இவன் வந்த நாளில் அவன் இல்லை. அவன் வந்த நாளில் இவன் இல்லை. ஒரு நாளும் தவறவில்லை. அந்தப் பையனிடம் தனியாக மன்னிப்புக் கேட்டேன். சிரித்தவர்களுக்கு முன்னால் கேட்டிருக்க வேண்டும். கேட்கவில்லை.

இப்போது லயங்களில் ஏழு பிள்ளைகள் உள்ள வீடு அரிது. ஆனால் 2022 நெருக்கடிக்குப் பிறகு இரண்டு மூன்று பிள்ளைகளை அனுப்புவதே அந்த ஏழு பேரை அனுப்பியதற்குச் சமமாகிவிட்டது. 2025 இல் உதவி பெறும் குடும்பங்களின் மாணவர்களுக்குக் கற்றல் உபகரணங்கள் வாங்க அரசாங்கம் 6,000 ரூபாய் கொடுத்தது. நல்ல காரியம். ஆனால் கொப்பிக்குப் பிறகு சப்பாத்து இருக்கிறது, பை இருக்கிறது, பஸ் காசு இருக்கிறது. தாயின் கணக்கு இன்றும் அதே கணக்குத்தான்.

இலக்கியத்தைப் பற்றிப் பேச வந்தவன் அதைச் சொல்லாமல் முடிக்கக் கூடாது. 1980 முதல் பாடநூல்கள் இலவசமாக வந்தன. அவற்றுக்கு உறை போட வேண்டுமே. அக்கா பெரிய கிளாக்கர் ஐயா வீட்டு முற்றம் கூட்டிவிட்டு, கூலியோடு பழைய ஞாயிற்றுக்கிழமைப் பத்திரிகைகளும் கேட்டு வாங்கி வருவார். குப்பி லாம்பு வெளிச்சத்தில் இஸ்தோப்பில் உட்கார்ந்து ஆறு பேரின் புத்தகங்களுக்கும் உறை போடுவார். நான் வாசித்த முதல் சிறுகதைகள் அந்த உறைகளில் இருந்தவைதான். மேலட்டையில் கதை தொடங்கும், பின்னட்டையில் ஓடும், முடிவு உள்ளே மடிந்து கிடக்கும். உறையைப் பிரித்தால் அடி விழும். எத்தனையோ கதைகளின் முடிவு தெரியாமலே வளர்ந்தேன்.

போன ஜனவரியில் அக்காவைப் பார்க்கப் போனேன். பேரப்பிள்ளைகளின் புத்தகங்களுக்கு உறை போட்டுக்கொண்டிருந்தார். பத்திரிகையைப் புரட்டிப் புரட்டி, விளம்பரப் பக்கங்களை ஒதுக்கினார். கதை இருந்த பக்கம் வந்ததும் எடுத்துக் கண்ணுக்குக் கிட்டே பிடித்தார். கொஞ்ச நேரம் உதடு அசைந்தது. பிறகுதான் கத்தரிக்கோலை எடுத்தார்.

“அக்கா, அந்தக் காலத்திலயும் பார்த்துப் பார்த்துத்தான் போட்டீங்களா?”

“பின்ன? நீதான் எழுத்துன்னா விட மாட்டியே. அதனால கதை இருக்கிற பக்கத்த வெளியே வச்சேன்.”

“முடிவெல்லாம் உள்ள மடிஞ்சு போயிருச்சே அக்கா.”

“நான் முழுசாப் படிச்சுப்புட்டுத்தான் தம்பி மடிச்சேன்,” என்றார். “எது வேணும், கேளு. சொல்றேன்.”