நாற்சார் வீடு மீண்டும் எழுந்தது



1995 இடப்பெயர்வில் விட்டுச்சென்ற எங்கள் நாற்சார் வீட்டுக்குச் சகோதரிகள் இருவரும் திரும்பியபோது கூரை இல்லை. சுண்ணாம்புக்கல் சுவர்கள் மட்டும் நின்றன. "இடிச்சுப்போட்டுக் கொங்கிறீற்றிலை கட்டுங்கோ அக்கா" என்றார் மேசனார். நாங்கள் சம்மதிக்கவில்லை.

வெடிப்புகளைச் சுண்ணாம்புச் சாந்தால் அடைத்தோம். சீமெந்து போலன்றி அது சுவரின் ஈரத்தை வெளியே விடும். தீராந்தியும் சிலாகையும் வைரம் பாய்ந்த பனை, மேலே ஓடு. நடுமுற்றத்தைத் திறந்தபடியே விட்டோம். பங்குனி வெக்கை அதன் வழியே மேலேறிப் போய்விடுகிறது.

பனை வைரம் பாயப் பல பத்தாண்டுகள் வேண்டும். அதனால் வெட்டியவற்றுக்கு ஈடாக வேலியோரம் பனங்கொட்டைகள் புதைத்தோம். அவற்றால் கூரை போடப்போவது நாங்களல்ல. நூறாண்டுக்கு முன் இச்சங்கத்தைத் தொடங்கியோரும் தங்களுக்காகத் தொடங்கவில்லையே.