சேம அச்சும் பாவித்த சில்லும்



இலக்கிய நிகழ்ச்சியிலே மோட்டார் சைக்கிள் சில்லைப் பற்றிப் பேச இவருக்கு என்ன வந்தது என்று சிலர் நினைக்கக்கூடும். எனக்குத் துணை புறநானூற்றின் 102 ஆம் பாடல். அதியமானின் மகன் பொகுட்டெழினியை ஔவையார் பாடியது. உப்பு வாணிகம் செய்யும் உமணர், பாரம் ஏற்றிய வண்டி எந்தப் பள்ளத்தில் இறங்குமோ, எந்த மேட்டில் ஏறுமோ, யாருக்குத் தெரியும் என்று எண்ணி, வண்டிக்கு அடியில் இன்னோர் அச்சையும் கட்டிக்கொண்டு போவார்களாம். அதற்குச் சேம அச்சு என்று பெயர். அந்த அச்சைப் போன்றவன் நீ என்கிறார் ஔவை. தலைவனைப் புகழ, வண்டிக்கு அடியில் தூசி படிந்து தொங்கும் ஒரு கட்டையை உவமையாக எடுக்கும் துணிவு அவருக்குத்தான் வரும்.

உமணரின் அந்தக் கவலை எங்கள் மன்னாரில் இன்றும் இருக்கிறது. தீவில் உப்பளம் உண்டு. ஆனால் உப்பு அளத்தில் மட்டுமா இருக்கிறது? சோளகம் வீசும் மாதங்களில் காற்றிலே இருக்கிறது. மீன்பெட்டியிலிருந்து சொட்டும் ஐஸ் தண்ணீரிலே இருக்கிறது. அந்தத் தண்ணீர் நேரே விழுவது மோட்டார் சைக்கிளின் பின்சில்லில். எங்கள் ஊர்க் கழுதைகளுக்கு இந்தத் தொல்லை இல்லை. அவற்றுக்குக் கறள் பிடிப்பதில்லை.

எனது அயலவர் ஒருவர் பேசாலையில் மீன் எடுத்து, பாலம் கடந்து முருங்கன் பக்கம் கொண்டுபோய் விற்பவர். அவருடைய பின்சில்லின் றிம் கறளரித்து வெடித்துவிட்டது. புதுச்சில்லு வாங்கக் கையில் காசில்லை. 2020 இல் வாகன இறக்குமதியை நிறுத்திய பிறகு பழைய வண்டிகளையே எல்லோரும் இழுத்துப்பிடித்து ஓட்டினார்கள். 2022 இன் நெருக்கடியில் உதிரிப்பாகங்களின் விலை எங்கேயோ போய்விட்டது. 2025 இல் இறக்குமதி மறுபடி திறந்தும், மீன் விற்பவரின் பொக்கற்றுக்கு அந்தச் செய்தி வந்து சேரவில்லை. ஆகவே, கொழும்பு பஞ்சிகாவத்தையில் வாங்கிப் பஸ்ஸில் போட்டுவிட்ட பாவித்த சில்லுகள் இரண்டு வந்தன. ஒன்றைத் தெரிந்தெடுக்கலாம், மற்றதைத் திருப்பி அனுப்பலாம் என்பது பேச்சு.

ஒன்று வெள்ளி போலப் பளபளத்தது. ரயரும் பூட்டியபடியே இருந்தது. மற்றது மங்கல், ரயர் இல்லை. அயலவரின் கண் எதில் விழுந்திருக்கும் என்று நான் சொல்லவேண்டியதில்லை.

"அண்ணை, நாளைக்குக் காலமை மீன் எடுக்கவேணும். இதைப் பூட்டித் தாங்கோ."

"ரயரைக் கழற்றிப் பாக்காமல் நான் பூட்டமாட்டன், தம்பி" என்றார் கராஜ்காரர்.

அவர் வயதானவர். 1990 இல் மன்னார்ப் பாலம் தகர்க்கப்பட்ட காலத்தையும், அதன் பின் பெருநிலப்பரப்பில் மண்ணெண்ணெயில் மோட்டார் சைக்கிள் ஓடிய ஆண்டுகளையும் கண்டவர். தடைகளால் உதிரிப்பாகம் அரிதாகிய அந்த நாளில் ஒரு வண்டியின் சில்லு இன்னொரு வண்டிக்குப் போகும். அதிலிருந்து வேறொன்றுக்குப் போகும். பாவித்த பொருளை அவர் இழிவாக நினைப்பதில்லை, எளிதில் நம்புவதுமில்லை.

ரயர் கழன்றது. ரியூப்பில் கம்பிமுனைகள் குத்தாதிருக்க றிம்மின் உட்புறம் ஒரு நாடா சுற்றியிருக்கும். அதையும் உரித்தார். நாடாவுக்குக் கீழே ஈரம் தங்கினால் காய வழியில்லை. எனவே கறள் முதலில் குடியேறும் இடம் அதுதான். கம்பித் துளைகளைச் சுற்றி இரும்பு செதில் செதிலாக எழும்பி நின்றது. வெளியே பூசியிருந்தது வெறும் பெயின்ற். பழைய ஓலையில் புது அட்டை போட்ட மாதிரி. ஸ்குறூட்றைவரின் முனையால் மெல்ல அழுத்தினார். முனை உள்ளே போய்விட்டது. பெட்டியும் மீனும் ஐஸும் ஏற்றிக்கொண்டு, இரு பக்கமும் கடல் கிடக்கும் அந்த 3 கிலோமீட்டர் தாம்போதியில், எதிரே லொறி வரும்போது இந்த றிம் விட்டுக்கொடுத்திருந்தால்? அயலவர் ஒன்றும் பேசவில்லை.

பிறகு மங்கல் சில்லின் முறை. சுற்றிவிட்டு, றிம்முக்குப் பக்கத்தில் ஒரு கம்பித்துண்டை அசையாமல் பிடித்துக்கொண்டார். றிம் அதை நெருங்கி விலகும் அளவுதான் நெளிவு. பக்கவாட்டிலும் மேல்கீழாகவும் 2 மில்லிமீட்டருக்கு மேல் போகக்கூடாது. இது ஒன்றுக்குக் கொஞ்சம் கூட. அடுத்து, ஒவ்வொரு கம்பியாகத் தட்டிக்கொண்டு போனார். இறுகிய கம்பி கிண்ணென்று பேசும். தளர்ந்தது டொக்கென்று ஊமையாகும். 36 கம்பிகளில் நான்கு ஊமை. அவற்றை இறுக்க நெளிவும் அடங்கியது. மிருதங்கக்காரர் சுருதி பார்ப்பதைப் பார்த்துக்கொண்டிருந்த சுகம் எனக்கு.

நடுவே இருக்கும் பகுதியை மாட்டுவண்டிக்காரர் குடம் என்பார்கள், கராஜில் ஹப். அதன் இரு பக்கமும் பெயாரிங் இருக்கும். விரலை விட்டுச் சுழற்றினால் மணல் அரைபடுவது போல நெருநெருத்தது. மாற்றத்தான் வேண்டும். இங்கே ஒரு நுணுக்கம் இருக்கிறது. 6301 என்று பொறித்த பெயாரிங்கின் உள்துளை 12 மில்லிமீட்டர். 6201 இன் உள்துளையும் 12 தான். வெளிவிட்டமோ முதலாவதற்கு 37, மற்றதற்கு 32. அச்சு நுழைகிறது என்பதற்காகக் குடத்தில் பொருந்தும் என்று அர்த்தமில்லை. இலக்கத்தை வாசித்துத்தான் வாங்கவேண்டும்.

பழைய பெயாரிங்குகளைத் தட்டி எடுத்தபோதுதான் இன்னொன்று தெரிந்தது. அவற்றுக்கு இடையே இருக்கவேண்டிய குழாய்த்துண்டைக் காணவில்லை. முன்னே பூட்டிய யாரோ அதை வேண்டாத பொருளென்று விட்டுவிட்டார்கள். பார்த்தால் அது வெறும் இரும்புக்குழாய்தான். ஆனால் அச்சின் நட்டை இறுக்கும்போது, இரு பெயாரிங்குகளின் உள்வளையங்களும் ஒன்றையொன்று நோக்கி நெரிபடாமல் தாங்கி நிற்பது அதுவே. அது இல்லாவிட்டால் குண்டுகள் பக்கவாட்டில் நசிந்து, சூடேறி, கடைசியில் உடையும். நெருநெருப்பின் காரணமும் அதுவாகத்தான் இருக்கவேண்டும். நல்லவேளை, அயலவரின் வெடித்த சில்லிலும் அதே ஹப். அதற்குள் இருந்த குழாயை எடுத்துத் துடைத்து இதற்குள் வைத்தார். பொகுட்டெழினி என்று நான் மனத்துக்குள் சொல்லிக்கொண்டேன்.

பிறேக் உரசும் உட்புறத்தையும் அளந்தார். 110 மில்லிமீட்டர் அளவினது. தேய்ந்து 111 ஐத் தாண்டினால் கூடாது. தாண்டவில்லை. பூட்டும் வேலை விரைவாக முடிந்தது. செயின் இழுப்பான்களில் இரு பக்கமும் கோடுகள் சமமாக நிற்கின்றனவா என்று பார்த்தார். பிறேக் தட்டைப் பிடித்துக்கொள்ளும் தண்டைப் பூட்டி அதற்கு ஸ்பிளிட் பின்னும் போட்டார். அவசரத்தில் பலர் மறப்பது இந்தத் தண்டைத்தான். அது இல்லாமல் பிறேக்கை மிதித்தால் தட்டும் சேர்ந்து சுழன்று சில்லையே இறுக்கிவிடும்.

பொழுதுபட்டுவிட்டது. "ஒரு கிழமை ஓடினாப்போல திரும்பக் கொண்டுவா, கம்பி பாக்கவேணும்" என்று சொல்லியனுப்பினார்.

எட்டாம் நாள் அயலவர் வந்தார். கையில் பனையோலைப் பையில் விளைமீன் இரண்டு. கராஜ்காரர் மீனைப் பார்க்கவில்லை. குந்தியிருந்து 36 கம்பிகளையும் தட்டினார். இரண்டு மட்டும் கொஞ்சம் தளர்ந்திருந்தன. கால் சுற்று இறுக்கிவிட்டு, கையைத் துடைத்து, பையை வாங்கிக்கொண்டார்.