பழைய காரின் பிறப்புச் சான்று

பழம் பொருள்களைத் தேடிச் சேர்ப்போருள் நாணயம் சேர்ப்போர் உளர். முத்திரை சேர்ப்போர் உளர். ஐக்கிய அமெரிக்காவிலே பழைய மோட்டார்க் கார்களைச் சேர்ப்போரும் பலர். அவருட் பலர் விரும்புவன, 1960களிலும் 1970களின் தொடக்கத்திலும் அந்நாட்டில் உருவான வலுமிக்க கார்களாகும். 'மசில் கார்' என்பது அவற்றின் பெயர்.

1970ஆம் ஆண்டுக்குரிய இரண்டினை ஒப்புநோக்குவோம். ஒன்று, கிறைஸ்லர் கம்பனியின் பிளிமத் ஹெமி குடா. மற்றையது, ஜெனரல் மோட்டார்ஸ் கம்பனியின் செவ்ரோலெட் செவெல்; எல்.எஸ். 6 என்னும் எஞ்சின் பூண்டது. ஹெமியின் கொள்ளளவு 426 கன அங்குலம். கம்பனி அறிவித்த வலு 425 குதிரைவலு. அதன் தகன அறை அரைக்கோள வடிவினது. பெயர்க் காரணமும் அதுவே. செவெல்லின் எஞ்சினோ 454 கன அங்குலம், 450 குதிரைவலு. எண்ணளவில் செவெல்லே முந்தி நிற்கின்றது. எனினும், ஏலத்திலே குடாவே பன்மடங்கு விலை பெறுவதுண்டு. காரணம் யாது?

முதலாவது, அருமை. எல்.எஸ். 6 பூண்டு வெளிவந்தவை நாலாயிரத்துக்கு மேற்பட்டவை. அவ்வாண்டின் ஹெமி குடாக்களோ எழுநூறுக்கும் குறைவு. அவற்றுள் மடக்குக் கூரையுடையவை 14 மட்டுமே. ஹெமி எஞ்சினுக்கென்றே எண்ணூறு டொலருக்கு மேல் தனியாகக் கொடுக்க வேண்டியிருந்தது. காப்புறுதிக் கட்டணமும் கடுமை. அன்று வாங்க வந்தோரை விரட்டிய செலவே இன்று அதன் மதிப்பை உயர்த்திவிட்டது.

இரண்டாவது, சான்று. குடாவின் அடையாள எண்ணில் ஐந்தாம் இடத்தே 'ஆர்' என்னும் எழுத்து இருப்பின், அது ஹெமியுடன் பிறந்த கார். செவெல்லின் அடையாள எண்ணோ எட்டு உருளை எஞ்சின் என்பதற்கு மேல் யாதும் உரையாது. ஆதலின், சாதாரணச் செவெல் ஒன்றிலே பெரிய எஞ்சினைப் பொருத்தி, வர்ணப் பட்டையும் தீட்டி, அசலென விற்பது எளிது. அறிந்தோர் தொழிற்சாலையில் எழுதப்பட்ட உறுப்புத் தாளைத் தேடுவர். பெற்றோல் தாங்கியின் மேற்புறத்தே, கறை படிந்து கிழிந்த நிலையில் அது அகப்படுவதுண்டு. அக்கிழிந்த தாள் இல்லையேல், பளபளக்கும் காரின் விலையும் சரியும்.

குடாவை வாங்குவோரும் அயர்ந்துவிடலாகாது. அடையாள எண் கார் பிறந்த வகையைக் கூறுமேயன்றி, அதிலுள்ள எஞ்சின் பழையதுதானா என்பதைக் கூறாது. எஞ்சினிற் பொறித்த எண்ணையும் ஒப்பிட்டுப் பார்த்தல் வேண்டும்.

மாற்று எஞ்சின் பூண்ட காரை அவ்வாறே சொல்லி விற்பதில் இழுக்கில்லை. ஓட்டி மகிழ்வதற்கு அதுவும் நன்றே. மறைத்து விற்பதே குற்றம். ஆகவே, விலை பேசுமுன் காரின் அழகைப் பார்ப்பதிலும் அதன் எண்களைப் படிப்பதே அறிவுடைமை.