பணம் மட்டும் போதாத ஊர்

கனடாவின் ராக்கி மலைத்தொடரில், 1,383 மீட்டர் உயரத்தில் இருக்கிறது பான்ஃப். கையில் கோடி இருந்தாலும் நினைத்தவுடன் அங்கே குடியேறிவிட முடியாது. உள்ளூரில் வேலையோ தொழிலோ இருக்க வேண்டும். நிலமும் குத்தகைக்குத்தான். ஊரே தேசியப் பூங்காவுக்குள் இருப்பதால் இத்தனை கெடுபிடி.

1883இல் ரயில்பாதைத் தொழிலாளிகள் மூவர் அங்கே வெந்நீர் ஊற்றுள்ள குகையைக் கண்டார்கள். பழங்குடியினருக்கு அது என்றோ தெரிந்த இடம், அது வேறு கதை! ஊற்று யாருக்கு என்று தகராறு. 1885இல் அரசே எடுத்துக்கொண்டது. கனடாவின் முதல் தேசியப் பூங்கா உருவானது அப்படித்தான்.

பூங்காவின் குறுக்கே நெடுஞ்சாலை போகிறது. இருபுறமும் வேலி. விலங்குகள் கடக்க மண் பரப்பி, மரம் நட்ட மேம்பாலங்களும் சுரங்கப் பாதைகளும் உண்டு. கிரிஸ்லி கரடிக்குத் திறந்த பாலம் பிடிக்கும். கருங்கரடிக்கும் பூமாவுக்கும் இடுக்கான சுரங்கம். ஆனால் கட்டியதும் விலங்குகள் வந்துவிடவில்லை. கிரிஸ்லிகள் பழகச் சில ஆண்டுகள் பிடித்தன.

பலன்? வேலியும் பாலமும் வந்தபின், வாகனங்களில் விலங்குகள் அடிபடுவது 80 சதவீதத்துக்கும் மேல் குறைந்திருக்கிறது.