கோணமும் வளைவும்: ஓர் எழுத்துரு நமக்கு எழுப்பும் வினா



ஒரு கருவியின் வசதிக்காக எழுத்து தன் வடிவத்தை எவ்வளவு விட்டுக்கொடுக்கலாம்? இவ்வினாவை, நெதர்லாந்தில் உருவான ஓர் உரோமன் எழுத்துருவை முன்வைத்து ஆராய்வோம். அதன் விடை நம் பள்ளிச் சுவரொட்டிகள் வரை வந்து சேரும்.

1960களில் அச்சுக்கோப்புத் துறையில் ஈய எழுத்துகளின் இடத்தை மின்னணுப் பொறிகள் பிடிக்கத் தொடங்கின. எதிர்மின்கதிர்க் குழாயின் திரையில் எழுத்தை நுண்ணிய கூறுகளாக வரைந்து ஒளிப்படத் தாளில் பதிப்பது அவற்றின் முறை. நேர்கோடு அப்பொறிக்கு எளிது, வளைவு கடினம். கையெழுத்தும் உளியும் பல நூற்றாண்டுகளாகப் பண்படுத்திய வளைவுகள் திரையில் படிக்கட்டுகளாக உடைந்தன.

ஆம்ஸ்டர்டாமில் பணியாற்றிய வடிவமைப்பாளர் விம் க்ரௌவெல் (1928–2019) இச்சிக்கலைத் தலைகீழாக நோக்கினார். பொறிக்கு வளைவு வாராதெனில், வளைவே இல்லாத எழுத்தை ஏன் வரையலாகாது என்று கேட்டார். 1967இல் 'நியூ ஆல்ஃபபெட்', அதாவது 'புதிய நெடுங்கணக்கு', வெளிவந்தது.

அதன் இலக்கணம் மிகச் சுருங்கியது. நிமிர்ந்த கோடு, கிடந்த கோடு, மூலையில் 45 பாகைச் சாய்வெட்டு. இவையே அதன் உறுப்புகள். கோட்டின் நுனியில் அலங்கார முனை இல்லை; தடிப்பில் ஏற்ற இறக்கம் இல்லை. எழுத்துகள் பெரும்பாலும் அகலத்தில் ஐந்தும் உயரத்தில் ஒன்பதுமான கட்டங்களுக்குள் அடங்கின. 'எம்' எழுத்துக்கு வேண்டிய மூன்று கால்களுக்கு அகலம் போதாமையால், 'என்' எழுத்தின் கீழே ஒரு கோடிட்டு அதனை 'எம்' ஆக்கினார். அவ்வாறே 'வி'யின் கீழே கோடிட, 'டபிள்யூ' பிறந்தது.

ஒழுங்கு நிறைந்தது, ஆனால் வாசிப்பு இடறியது. பல எழுத்துகள் பழகிய உருவை இழந்தன. அவ்வெழுத்துரு நாள்தோறும் வழங்குவதற்கன்று, சிந்தனையைத் தூண்டுவதற்கே என்பதைக் க்ரௌவெலும் மறைக்கவில்லை. 1988இல் ஜாய் டிவிஷன் இசைக்குழுவின் 'சப்ஸ்டன்ஸ்' இசைத்தட்டு உறையில் இவ்வடிவங்கள் இடம்பெற்றன. ஆனால் அங்கே படிப்போர்க்கு எளிதாகும்படி அவை மாற்றி ஆளப்பட்டன. விதி ஒன்று சொல்ல, கண் வேறொன்று கேட்டது, வென்றது கண்ணே. பின்னர்ப் பொறிகள் வளர்ந்தன. வளைவைச் செம்மையாக வரையக் கற்றன. எந்தக் குறைக்காக எழுத்து வளைந்துகொடுத்ததோ, அந்தக் குறையே மறைந்தது.

ஆயினும் அம்முயற்சி வீணாகவில்லை. நியூயார்க் நவீனக் கலை அருங்காட்சியகம் 2011இல் தன் தொகுப்பில் சேர்த்த 23 எழுத்துருக்களுள் இதுவும் ஒன்று. கோண எழுத்துக்கு உரிய இடம் தலைப்பு, சுவரொட்டி, உறை ஆகியவையே. அங்கே சொற்கள் சில; அளவு பெரிது; பார்ப்பவர் நின்று பார்க்கிறார். பக்கம் பக்கமாகப் படிக்கும்போதோ, கண் எழுத்தெழுத்தாக நிற்பதில்லை.

இனி நம் எழுத்துக்கு வருவோம். கோணம் தமிழுக்கு அந்நியமன்று. தமிழ்ப் பிராமிக் கல்வெட்டுகளில் ககரம் கூட்டற்குறி போன்றது. இன்றைய டகரம் ஒரு செங்கோணமே. பகரம் மேற்பக்கம் திறந்த பெட்டியே. ஆனால் மூன்று சுழி ணகரத்தை நேர்கோட்டால் வரைந்து பாருங்கள். மூன்று அறைகளுக்கு நான்கு சுவர்கள் வேண்டும். இடையே மூன்று வெளிகள் வேண்டும். ஆக ஏழு கட்டங்கள். க்ரௌவெலின் ஐந்து கட்டங்களுக்குள் அது அடங்காது. அடக்க முயன்று ஒரு சுழியைக் குறைத்தால், 'மணம்' 'மனம்' ஆகிவிடும். 'பணி' 'பனி' ஆகிவிடும்.

கருவிக்காக வேறுபாட்டை இழந்த பட்டறிவு நமக்கு முன்பே உண்டு. ஓலைச்சுவடிகளில் புள்ளி பெரும்பாலும் இடப்படவில்லை. அதனால் எகர ஏகாரங்களையும் ஒகர ஓகாரங்களையும் பிரித்தறியும் சுமை படிப்பவர் தலையில் விழுந்தது. பதினெட்டாம் நூற்றாண்டில் வீரமாமுனிவர் செய்த திருத்தம் அவ்வேறுபாட்டை வடிவத்தில் மீட்டது. மாறாக, 1978இல் தமிழ்நாட்டரசு ஏற்ற சீர்திருத்தம் ணா, றா, னா முதலியவற்றின் தனிவடிவங்களை நீக்கியது. அச்சுக்கும் தட்டச்சுக்கும் எளிமை கிடைத்தது. ஆனால் ஓரெழுத்தும் மற்றோர் எழுத்தாக மயங்கவில்லை. ஆதலால் நாம் கொள்ளத்தக்க அளவுகோல் இதுவே: வடிவம் மாறலாம், வேறுபாடு மறையலாகாது.

மொழி விழாவுக்குப் பதாகை எழுதுகிறோம். பள்ளி இதழுக்கு அட்டை அமைக்கிறோம். புதுமையான கோண எழுத்தைக் கண்டு மாணவர் விரும்புவது இயல்பே; அவ்விருப்பத்தைத் தடுக்க வேண்டா. ஆனால் ஓர் எழுத்துருவைத் தேர்வதற்கு முன் 'மனம், மணம்', 'எடு, ஏடு', 'ஒடு, ஓடு', 'அரம், அறம்' ஆகிய இணைகளை அதில் அச்சிட்டு வகுப்பின் முன்சுவரில் ஒட்டுவோம். கடைசி வரிசையில் அமர்ந்த மாணவர் அவற்றைத் தயங்காமல் படித்தால் அதனைத் தலைப்புக்குக் கொள்வோம், தயங்கினால் விடுவோம். தமிழை இப்போதுதான் எழுத்துக்கூட்டிப் படிக்கத் தொடங்கும் சிறாரின் பாடத்தாளில், ஒவ்வொரு சுழியும் தெளிவாகத் தெரியும் எழுத்தையே வைப்போம்.

கருவி நாளை மாறும். அதற்காக இன்று இழந்த வேறுபாட்டை மீட்கத் தலைமுறைகள் ஆகலாம். இதனை நெஞ்சில் நிறுத்திப் புதுமையை வரவேற்போம்.