குற்றம் சுமத்தும் வினைகள்: கெடுதலைச் சொல்லும் சில ஆங்கிலச் சொற்கள்



சொல்லாட்சியை உயிராக மதித்துக் கற்பித்த ஓர் ஆங்கில ஆசிரியரின் நினைவாக, அவருடைய மாணவர்கள் நிறுவிய அறக்கட்டளையின் சொற்பொழிவு இது. அதனால் சொற்களைப் பற்றிப் பேசவே விரும்பினேன். டிபேஸ், அடல்டரேட், அண்டர்மைன், சாப், எனர்வேட், விஷியேட், டிப்ரேவ், கரப்ட் ஆகிய எல்லாவற்றுக்கும் நம் கையகராதிகள் 'கெடு', 'சீரழி', 'நலிவி' என்றே பொருள் தருகின்றன. 1852இல் வெளிவந்த ரோஜேயின் சொற்களஞ்சியமும் இத்தகைய சொற்களை ஒரே தலைப்பில் தொகுத்துத் தருமே தவிர, எது எங்கே பொருந்தும் என்று சொல்லாது. மாணவர் காதுக்கு இனிமையாக இருப்பதை எடுத்துக்கொள்கிறார். இந்த வினைகளில் அது ஆபத்தான பழக்கம். இவை ஒவ்வொன்றும் யார்மீதோ சுமத்தப்படும் குற்றச்சாட்டு. வினையை மாற்றினால் குற்றவாளியும் மாறிப்போவார்.

டிபேஸ் என்பதன் முழுப் பொருளையும் நாணயச்சாலையில் காணலாம். இங்கிலாந்தின் எட்டாம் ஹென்றிக்குப் போர்ச் செலவுக்குப் பணம் தேவைப்பட்டது. 1544 முதல் வெள்ளிக்காசில் செம்பைக் கூட்டிக்கொண்டே போனார். நூற்றுக்கு 92.5 பங்கு வெள்ளி இருந்த காசில் அவர் காலத்திலேயே மூன்றில் ஒரு பங்குதான் மிஞ்சியது. மகன் ஆறாம் எட்வர்ட் ஆட்சியில், 1551இல், அது கால் பங்காயிற்று. மேற்பூச்சில் மட்டும் வெள்ளி மினுங்கும். டெஸ்டூன் என்ற காசில் அரசர் நேர்முகமாகப் பார்ப்பதுபோல் பொறித்திருந்ததால், முகத்தில் மூக்குதான் மேடு. காசு கைமாறிக் கைமாறித் தேய்ந்தபோது முதலில் வெள்ளி போனது அந்த மூக்கு நுனியில்தான். உள்ளேயிருந்த செம்பு சிவந்து தெரிந்தது. மக்கள் அவரைச் 'செம்புமூக்கர்' என்றே அழைக்கத் தொடங்கினார்கள்.

முத்திரையும் பெயரும் அப்படியே இருக்க, மதிப்பு மட்டும் இறங்குகிறது. அதை இறக்குபவரும் அந்த முத்திரைக்கு உரியவரே. கள்ளக்காசு அடிப்பவனைப் பற்றி டிபேஸ் என்று எழுதக் கூடாது, அவன் குற்றம் வேறு. ஒரு பல்கலைக்கழகமே தன் பட்டத்தின் தரத்தைத் தாழ்த்தினால் இந்த வினை அங்கே கச்சிதமாகப் பொருந்தும். டிபேஸ் ஆனதை மீட்கவும் வழியுண்டு. முதலாம் எலிசபெத் 1560-61இல் பழைய காசுகளைத் திரும்பப் பெற்று, உருக்கி, நல்ல வெள்ளியில் அடிக்கச் செய்தார்.

அடல்டரேட் கடைக்காரரின் வினை, நம் 'கலப்படம்'. இங்கே கவனிக்க வேண்டியது கெட்ட நோக்கம். 1858இல் பிராட்ஃபோர்டு நகரில் மிட்டாயில் சர்க்கரையைக் குறைத்து மலிவான ஜிப்சம் பொடியைச் சேர்ப்பது வழக்கமாக இருந்தது. பொடி வாங்கப் போனவரிடம் மருந்துக்கடையில் தவறுதலாக ஆர்செனிக்கை நிறுத்துக் கொடுத்துவிட்டார்கள். அந்த மிட்டாயைத் தின்று சுமார் 20 பேர் இறந்தனர். இருநூறு பேருக்கு மேல் நோயுற்றனர். உயிரைக் கொன்றது கைப்பிழை. அடல்டரேட் என்ற குற்றமோ, யாரும் சாகாத நாட்களிலும் அந்த மிட்டாயில் இருந்தது.

அண்டர்மைன் என்பதை நாளிதழ்கள் இன்று எதற்கும் பயன்படுத்துகின்றன. இது கோட்டை முற்றுகையில் பிறந்த சொல். 1215இல் கலகப் பிரபுக்கள் பிடித்துவைத்திருந்த ராச்செஸ்டர் கோட்டையை ஜான் மன்னர் முற்றுகையிட்டார். கல்லெறி பொறிகளால் அந்தத் தடித்த சுவரை அசைக்க முடியவில்லை. ஆட்கள் கோபுரத்தின் ஒரு மூலைக்கு அடியில் சுரங்கம் தோண்டி, மேலே இருப்பது சரியாமல் மர முட்டுக் கொடுத்துக்கொண்டே போனார்கள். பிறகு அரசரிடமிருந்து ஓர் ஆணை போயிற்று: தின்னத் தகாத, கொழுத்த பன்றிகள் நாற்பது அனுப்புக. அந்தக் கொழுப்பை முட்டுகளில் வைத்துத் தீ மூட்டினார்கள். முட்டு எரிந்து விழுந்ததும் மூலையே இடிந்து இறங்கியது. இன்றும் அங்கே போனால் மற்ற மூலைகள் சதுரமாகவும், பின்னாளில் திருப்பிக் கட்டிய அந்த ஒன்று மட்டும் வட்டமாகவும் நிற்கும்.

அண்டர்மைன் என்றால், தாங்கி நிற்பதைக் கண்ணுக்குத் தெரியாமல் அடியிலிருந்து பறிப்பது. மேடையேறி வெளிப்படையாக எதிர்ப்பவரை இந்தச் சொல்லால் குற்றம் சாட்டுவது அநியாயம். சாப் இதன் நெருங்கிய உறவு. கோட்டையை நோக்கி வளைந்து வளைந்து வெட்டிப்போகும் பதுங்குகுழிக்குச் சாப் என்று பெயர். பெங்களூரில் உள்ள மெட்ராஸ் சாப்பர்ஸ் படையின் பெயரிலும் அதுதான் இருக்கிறது. கொஞ்சம் கொஞ்சமாக, நாள்பட நடக்கும் நலிவுக்கு அது ஏற்றது.

ராச்செஸ்டரில் இன்னொன்றும் நடந்தது. மூலை இடிந்த பிறகும் உள்ளிருந்தவர்கள் குறுக்குச் சுவருக்குப் பின்னால் போய்ப் போரிட்டார்கள். கடைசியில் அவர்களைப் பணியவைத்தது பசி. சுவருக்கு நேர்ந்தது அண்டர்மைன். மனிதர்களுக்கு நேர்ந்ததை அந்தச் சொல்லால் சொல்ல முடியாது. எனர்வேட் என்பதோ உடலையும் மனத்தையும் பற்றிய சொல். லத்தீனில் நரம்பை அறுத்தெடுப்பது என்ற பொருள். புழுக்கமும் சோம்பலும் தெம்பை உறிஞ்சுவதை இது சொல்லும். எனர்ஜி என்ற சொல்லின் சாயல் கேட்பதால் 'ஊக்கமூட்டுவது' என்று தலைகீழாக எழுதுகிறவர்கள் ஆங்கிலேயரிலும் உண்டு.

விஷியேட் வழக்கறிஞருக்கு உரியது. 1872ஆம் ஆண்டின் இந்திய ஒப்பந்தச் சட்டப்படி, மிரட்டியோ ஏமாற்றியோ பெற்ற சம்மதம் சுதந்திரமான சம்மதம் ஆகாது. பத்திரத்தில் ஓர் எழுத்தும் அழிந்திருக்காது. ஆனால் பாதிக்கப்பட்டவர் விரும்பினால் அதைச் செல்லாததாக்கலாம்.

மிகப் பெரிய விலை கொடுத்து வாங்கிய பாடம் டிப்ரேவ், கரப்ட் என்ற இணையில் இருக்கிறது. 1868இல் ஹிக்ளின் வழக்கில் தலைமை நீதிபதி காக்பர்ன், ஒரு நூலைப் படிப்பவரின் மனத்தை டிப்ரேவ் செய்து கரப்ட் செய்யும் போக்கு அதற்கு உண்டா என்பதே ஆபாசத்துக்கு அளவுகோல் என்றார். இங்கிலாந்தின் 1959ஆம் ஆண்டுச் சட்டம் அந்த இரு வினைகளையும் எடுத்துக்கொண்டது. டி. எச். லாரன்ஸின் நாவல் ஒன்றை அங்கே நடுவர்கள் 1960இல் விடுவித்தார்கள். அதே நாவலை விற்ற மும்பைப் புத்தக வியாபாரியின் தண்டனையை நம் உச்ச நீதிமன்றம் 1964இல் ஹிக்ளின் அளவுகோலைக் கொண்டே உறுதிசெய்தது. 2014இல்தான் அந்த அளவுகோலைக் கைவிட்டது.

இலக்கிய மாணவர்கள் கட்டாயம் படிக்க வேண்டிய வழக்கு ஒன்று உண்டு. 1971இல் லண்டனில் 'ஆஸ்' இதழின் ஆசிரியர்கள் மூவருக்குச் சிறைத்தண்டனை விதிக்கப்பட்டது. ஆபாசம் என்றால் அருவருப்பானது, அசிங்கமானது என்றும் பொருள்கொள்ளலாம் என நீதிபதி நடுவர்களிடம் சொல்லியிருந்தார். மேல்முறையீட்டு நீதிமன்றம் அதை ஏற்கவில்லை. படிப்பவரை முகம் சுளிக்க வைப்பது வேறு, அவரைத் தீயவராக்குவது வேறு. சட்டம் பேசுவது இரண்டாவதைத்தான் என்றது. முகம் சுளிப்பவர் விலகி ஓடுகிறார். கெடுபவரோ நெருங்கி வருகிறார். ஆபாசக் குற்றத்தீர்ப்பு ரத்தாயிற்று, அந்த மூவரும் வீடு திரும்பினார்கள்.