காவிரி மின்சாரமும் கடன் கணக்கும்

(சங்க ஆண்டு விழாவில் நிகழ்த்திய சொற்பொழிவு)



விழா மேடையில் இலக்கியம் பேசாது கடனையும் வட்டியையும் பேச வந்திருக்கிறோமே என்று சிலர் வருந்தக்கூடும். பொன் எடுத்த பாலகாட் மண்ணில் நின்று பணக் கணக்குப் பேசுவது பிழையாகாது என்னும் துணிவினாலேயே வந்தோம்.

1902 ஜூன் 30-ஆம் நாள், சிவசமுத்திரத்தில் காவிரி வீழ்ச்சியால் பிறந்த மின்சாரம் 92 மைல் கடந்து இத்தங்கவயலை வந்தடைந்தது. அத்துணைத் தொலைவுக்கு மின்சாரம் கொண்டு செல்வது அந்நாளில் உலகமே வியந்த செயல். அதை முன்னின்று நடத்திய மைசூர் திவான் சேஷாத்ரி ஐயர் 1901-லேயே மறைந்துவிட்டதால், விளக்கு எரிவதைக் காணும் பேறு அவருக்குக் கிட்டவில்லை.

அரசு அத்தனை பணத்தைத் துணிந்து போட்டது எதனால்? வாங்குவோர் முன்னதாகவே இருந்தனர். சுரங்கக் கம்பெனிகள் ஒப்பந்தம் எழுதிக் கொடுத்திருந்தன. இரவும் பகலும் ஓயாது கேஜ் ஏறி இறங்கும் சுரங்கத்தைப் போன்ற வாடிக்கைக்காரர் வேறு யாருக்கு வாய்ப்பார்? நம் முன்னோர் அடியில் வியர்வை சிந்திய ஒவ்வொரு ஷிப்டும் அக்கணக்கை நிமிர்த்தியது.

ஆயினும் கோடையில் காவிரி மெலிந்தது, மின்சாரமும் மெலிந்தது. வாக்குக் கொடுத்த அளவைத் தருவதற்கு நீரைத் தேக்க வேண்டியதாயிற்று. 1911-இல் தொடங்கிய கண்ணம்பாடி அணைக்கு விசுவேசுவரய்யா சொன்ன காரணங்களுள் இச்சுரங்கங்களின் தேவையும் ஒன்று. அணை மைசூரில், ஆறோ சென்னை மாகாணத்திற்கும் உரியது. வழக்கு நடுவர்வரை சென்று, 1924-இல்தான் உடன்பாடு பிறந்தது. எல்லை கடந்த நீருக்குப் பணமும் பொறியியலும் மட்டும் போதா என்பதை அன்றே கண்டோம்.

இன்று பேசப்படும் நீரேற்று மின்திட்டம் இன்னும் வேடிக்கையானது. மின்சாரம் மிஞ்சும் நேரத்தில் கீழ்த் தேக்கத்து நீரை மேல் தேக்கத்திற்கு ஏற்றி, தட்டுப்பாட்டு நேரத்தில் இறக்கி மின்சாரம் எடுப்பது அது. 1987 முதல் 1989 வரையில் இயங்கத் தொடங்கிய, கோவை மாவட்டத்துக் கடம்பாறை நிலையம், 400 மெகாவாட், இவ்வகையினது. நான்கு பங்கு செலவிட்டு ஏறத்தாழ மூன்று பங்கே மீட்பது என்றால், கடன் கொடுப்பவர் புருவத்தை உயர்த்தமாட்டாரா? விற்கப்படுவது மின்சாரம் மட்டுமன்று; தக்க வேளையில் எழுந்து நிற்கும் தயார்நிலை. அதற்கு மாதந்தோறும் தொகை தர ஒருவர் உறுதி எழுதித் தந்தாலன்றிக் கடன் பிறவாது.

எல்லைக்கு அப்பால் உறுதி எழுதும் வழக்கம் புதிதன்று. பூட்டானின் சுக்கா நிலையத்திற்கு, 336 மெகாவாட், 1974-இல் செய்த உடன்படிக்கையின்படி செலவில் 60 விழுக்காட்டை நன்கொடையாகவும் 40 விழுக்காட்டைக் கடனாகவும் இந்தியா தந்தது. மிகுதி மின்சாரத்தையும் இந்தியாவே வாங்கியது. சுக்கா ஓடும் நீரை நம்பியது. ஏற்றி இறக்கும் தேக்கத்திற்கோ, மலிவான மின்சாரம் ஒரு நாட்டிலும் மாலைத் தேவை மறு நாட்டிலும் இருந்தால், இழப்பு யாருடையது என்னும் கேள்வி எழும். 2025 ஏப்ரலில் இந்தியாவும் இலங்கையும் மின்தொடர்புக்கான ஒப்பந்தக் குறிப்பில் கையொப்பமிட்டன. நம் உறவினர் வாழும் அத்தீவிற்கும் இக்கேள்வி வரும்.

மூடிய சுரங்கங்களையே கீழ்த் தேக்கமாக்கலாம் என்னும் கருத்தும் உலகில் உலவுகிறது. 2001 பிப்ரவரி 28-இல் மூடப்பட்ட நம் சுரங்கங்களில் நீர் நிறைந்திருப்பதைக் காட்டி யாரேனும் வரலாம். குழி இலவசம் என்று அவர்கள் எழுதுவதை மட்டும் நாம் ஒப்பமாட்டோம். பத்தாயிரம் அடிக்கும் மேல் ஆழ்ந்த சாம்பியன் ரீஃபில் ஏர் பிளாஸ்ட் என்றால் என்ன என்பதை எத்தனை வீடுகள் அறியும்! நிதி தருவோர் வருமுன், எந்த லெவல் எப்போது அதிர்ந்தது என்பதை நினைவில் வைத்திருக்கும் நம் கிழவர்களிடம் ஒரு பகல் உட்கார்ந்து கேட்கட்டும்.